போய்ப் பார்க்க முடியாத விண்மீனின் காற்றைக் கணினியில் கணக்கிடுவது வெறும் ஊகம்தானே?

முதிர்ந்த செம்பெருமீன்களின் வளிமண்டலத்தையும் அவற்றிலிருந்து வீசும் காற்றையும் கணினியில் மாதிரியாக்குவது, வேண்டிய விடை வரும்வரை எண்களை மாற்றிக்கொண்டிருக்கும் வேலைதானே என்று கேட்டிருக்கிறீர்கள். திருவாதிரை (பெட்டல்ஜூஸ்) விண்மீன் 2019 இறுதியில் மங்கப்போவதையாவது அந்த மாதிரிகள் முன்கூட்டிச் சொன்னதுண்டா என்றும் சேர்த்திருக்கிறீர்கள். இயற்பியலில் முதுகலை முடித்துவிட்டு இந்தத் துறைக்கு வரலாமா என்று தயங்குபவர் நீங்கள் என்று எண்ணுகிறேன். உங்கள் முதல் கேள்வியை ஏறக்குறைய இதே சொற்களில் ஒரு மூத்த பேராசிரியர் நேர்காணலில் என்னிடம் கேட்டார். அன்று பதில் சொல்ல வராமல் தண்டையார்பேட்டைக்கு ரயிலேறிய வருத்தம் இன்னும் இருப்பதால் இதை எழுதுகிறேன்.

சூரியனைப் போன்ற விண்மீன் முதிர்ந்து வீங்கும்போது, அதன் ஆரம் பூமியின் சுற்றுப்பாதை அளவுக்கு விரிந்து, மேற்பரப்பு ஏறத்தாழ 3,000 கெல்வினுக்குக் குளிர்கிறது. 1596-இல் டேவிட் ஃபாப்ரிசியஸ் கவனித்த மைரா என்ற அத்தகைய விண்மீன், சுமார் 332 நாட்களுக்கு ஒருமுறை விம்மித் தணிகிறது. ஒவ்வொரு விம்மலிலும் எழும் அதிர்ச்சி அலை வளிமத்தை மேலே தூக்குகிறது. தூக்கப்பட்ட வளிமம் குளிரும்போது அதில் தூசித் துகள்கள் உறைகின்றன. விண்மீனின் ஒளி அத்துகள்களைத் தள்ள, அவை மோதி மோதி வளிமத்தையும் உடன் இழுத்துச் செல்கின்றன. நொடிக்கு 10 அல்லது 20 கிலோமீட்டர் வேகமே உள்ள காற்றுதான். ஆனால் ஆண்டுக்குச் சூரிய நிறையில் பத்து லட்சத்தில் ஒரு பங்கைக்கூட அது கொண்டுபோய்விடும்.

ஆக்சிஜனைவிடக் கார்பன் மிகுந்த விண்மீன்களில் உறைவது கரித்துகள். ராயபுரத்தில் கடற்காற்றோடு வந்து மொட்டை மாடியில் படிந்த நிலக்கரித் தூளின் மேல் வெயில் நேரத்தில் வெறுங்காலோடு நடந்தவர்களுக்கு, கரி ஒளியை எப்படி விழுங்கும் என்று விளக்க வேண்டியதில்லை. எனவே அங்கே காற்று எளிதாக எழுந்துவிடுகிறது. ஆக்சிஜன் மிகுந்த விண்மீன்களில் கார்பன் ஏறக்குறைய முழுவதும் கார்பன் மோனாக்சைடுக்குள் அடைபட்டுவிடுவதால், பாறைகளில் இருப்பது போன்ற சிலிக்கேட் துகள்களையே நம்ப வேண்டியிருக்கிறது. நான் தடுக்கி விழுந்த இடம் அது.

2007-இல் ஆய்வு மாணவனாக இருந்தபோது, இரும்பு கலந்த சிலிக்கேட்டை எடுத்துக்கொண்டு, துகளின் வெப்பநிலையும் சுற்றியுள்ள வளிமத்தின் வெப்பநிலையும் ஒன்றே என்று வைத்துக் கணக்கை ஓட்டினேன். காற்று எழுந்தது, அதன் வேகமும் நிறையிழப்பும் தொலைநோக்கி அளவுகளோடு பொருந்தின. மூன்று வாரம் அந்த முடிவுக்கு வரைபடங்கள் வரைந்தேன். பிறகு என் வழிகாட்டி துகளின் வெப்பநிலையைத் தனியே கணக்கிடச் சொன்னார். இரும்பு ஒளியை உறிஞ்சுவதால் சூடேறிய துகள், விண்மீனுக்கு அருகில் உறையவே முடியாமல் ஆவியானது. இரும்பை நீக்கினேன், துகள் நிலைத்தது, ஆனால் ஒளி அதைக் கண்ணாடியைக் கடப்பதுபோல் கடந்து போனது. தூக்கப்பட்ட அடுக்குகள் அனைத்தும் திரும்ப விழுந்தன. ஒளிர்வையும் நிறையையும் விம்மலின் வீச்சையும் இயற்கை அனுமதிக்கும் எல்லைக்குள் எப்படி மாற்றியும் அந்த ஆண்டு முழுவதும் காற்று எழவில்லை. எண்களை மாற்றினால் விடை வந்துவிடும் என்று சொல்பவர்கள் அந்த மாதங்களை அறியாதவர்கள்.

இதே முட்டுக்கட்டையை வானியலாளர் பீட்டர் வோய்ட்கே 2006-இலேயே காட்டியிருந்தார். 2008-இல் சுசான் ஹோஃப்னர் வழி கண்டார்: இரும்பில்லாத துகள்கள் ஒரு மைக்ரோமீட்டரை நெருங்கும் அளவுக்கு வளர்ந்தால், ஒளியை உறிஞ்சிச் சூடாகாமல், அதைச் சிதறடிப்பதாலேயே போதிய தள்ளுவிசை பெறும். ஸ்ட்ரைக்கர் பட்டு வேறு பக்கம் தெறித்தாலும் கேரம் காய் நகர்ந்துவிடுகிறதல்லவா, அதைப் போன்றது. 2012-இல் சிலியிலுள்ள தொலைநோக்கியைக் கொண்டு மூன்று விண்மீன்களுக்கு மிக அருகிலேயே சுமார் 0.3 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள துகள்கள் காணப்பட்டன. கணக்கு முதலில் வந்தது, காட்சி பிறகு வந்தது. இதை ஊகம் என்று எப்படிச் சொல்வது?

துறையினர் யாரேனும் படித்தால், விண்மீனின் உள்ளிருந்து வெளிநோக்கிய ஒரே திசையில் மட்டும் கணக்கிடும் ஒரு பரிமாண மாதிரிகளில் விம்மலை அடியில் ஒரு பிஸ்டனைப்போல் நாமே வைக்கிறோமே என்று கேட்பார்கள். உண்மைதான், அதன் வீச்சு நாம் தரும் எண். அதற்காகத்தான் பெர்ன்ட் ஃப்ரைடாக் போன்றோர், வெப்பச்சலனமும் விம்மலும் தாமாக எழும் முப்பரிமாண மாதிரிகளைப் பல ஆண்டுகளாக உருவாக்கி வருகிறார்கள். காந்தப்புலத்தையும், துகளுக்கும் வளிமத்துக்கும் இடையிலுள்ள வேக வேறுபாட்டையும் இங்கே தெரிந்தேதான் விட்டிருக்கிறேன்.

உங்கள் இரண்டாம் கேள்விக்கு, இல்லை என்பதே பதில். 2019 இறுதியில் தொடங்கி 2020 பிப்ரவரி வரை திருவாதிரை மங்கியதை எந்த மாதிரியும் முன்னறிவிக்கவில்லை. வெளியேறிய வளிமமும் குளிர்ந்த மேற்பரப்பும் அதையொட்டி உறைந்த தூசியும் காரணம் என்பது அப்போது எடுத்த படங்களிலிருந்து பிறகு பெற்ற விளக்கம். திருவாதிரை மைராவைவிடப் பன்மடங்கு நிறை கொண்டது, அதன் விம்மலோ மைராவினுடையதைவிடச் சிறியது. அத்தகைய விண்மீனில் தூசி உறையும் உயரத்துக்கு வளிமத்தைத் தூக்குவது எது என்ற கணக்கு இன்னும் முடியவில்லை.