மான்டே கார்லோ காரும் மணவாளக்குறிச்சி மணலும்

கேள்வி: என் தம்பி துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது என் மகனுக்கு ரிமோட்டில் ஓடும், நாமே பூட்டிக்கொள்ள வேண்டிய ஒரு கார் கிட் கொண்டுவந்தான். ஜப்பானின் டாமியா நிறுவனத்தின் ‘சுபாரு இம்ப்ரெசா மான்டே கார்லோ 99’, டி.டி.-02 சேஸிஸ் (அடிச்சட்டம்) என்று பெட்டியில் போட்டிருக்கிறது. மோட்டாரும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும் உள்ளே இருக்கின்றன; ரிமோட்டும் பேட்டரியும் இல்லை. மகன் பதினொன்றாம் வகுப்புப் படிக்கிறான். ராலி கார், அதாவது சாலையிலும் மண் பாதையிலும் நடக்கும் நெடும் பந்தயத்துக்கான கார் என்பதால் கடற்கரையில் ஓட்டலாம் என்கிறான். வேகமான மோட்டார் ஒன்றும் இப்போதே வேண்டுமாம். இன்னும் என்னென்ன வாங்க வேண்டும்? தம்பி சீக்கிரம் மறுபடியும் வருகிறான். அவனிடம் எதைக் கொண்டுவரச் சொல்லட்டும்?
– மண்டைக்காட்டிலிருந்து ஒரு வாசகி

பதில்: கடற்கரையில் ஓட்ட வேண்டாம், அம்மா. எந்த ஊர்க் கடற்கரையும் இந்தக் காருக்கு ஆகாது. உங்கள் ஊர்க் கடற்கரை அதிலும் ஆகாது.

மண்டைக்காட்டிலும் பக்கத்து மணவாளக்குறிச்சியிலும் அலை ஒதுங்கும் இடத்தில் கரிய மணல் வரி வரியாகப் படிந்திருப்பதை உங்கள் மகன் பிறந்ததிலிருந்து பார்த்திருப்பான். அதில் இல்மனைட், கார்னெட், சிர்கான், ரூட்டைல், மோனசைட் என்று கனமான தாதுக்கள் கலந்திருக்கின்றன. மணவாளக்குறிச்சியில் மத்திய அரசு நிறுவனமான ஐ.ஆர்.இ.எல்.-இன் ஆலை நடப்பதே இவற்றுக்காகத்தான். இல்மனைட் என்பது இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த ஆக்சைடு. வலுவான காந்தம் அதை இழுக்கும். ஆலையிலும் காந்தத்தின் துணையோடுதான் அதை மற்றத் தாதுக்களிலிருந்து பிரிக்கிறார்கள்.

இப்போது பெட்டியில் இருக்கும் மோட்டாரைக் கையில் எடுத்துப் பாருங்கள். இது 540 வகை. இரும்புக் கூடு, அதன் உட்சுவரில் நிலைக்காந்தங்கள், நடுவே சுழலும் செப்புக் கம்பிச்சுற்று, பின்முனையில் கார்பன் பிரஷ்கள். சூடு வெளியேறுவதற்காகக் கூட்டில் துளைகளைத் திறந்தே விட்டிருக்கிறார்கள். கார் மணலில் ஓடும்போது சக்கரங்கள் வாரியிறைப்பது அந்தத் துளைகள் வழியாக உள்ளே போகும். சாதாரண மணல் என்றால் ஒரு பகுதியாவது உதிர்ந்து வெளியே வந்துவிடும். இல்மனைட் வராது, காந்தத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே தங்கிவிடும். காந்தத்துக்கும் சுழலும் பகுதிக்கும் இடையில் இருப்பது மிகக் குறுகிய இடைவெளி. அதில் தாது அடைந்தால் மோட்டார் உராய்ந்து சூடேறி வீணாகும். மகன் நம்பவில்லையென்றால் ஒரு சின்ன நியோடிமியம் காந்தத்தைப் பாலித்தீன் உறையில் போட்டுக் கரிய மணலில் ஒருமுறை இழுக்கச் சொல்லுங்கள். உறையில் எவ்வளவு ஒட்டுகிறது என்று அவனே பார்க்கட்டும்.

கார்னெட் செய்யும் கெடுதல் வேறு விதம். உப்புத்தாள் செய்யப் பயன்படுத்தும் அளவுக்குக் கடினமான தாது அது. பல்சக்கரங்களின் கிரீஸோடு கலந்துவிட்டால் பிளாஸ்டிக் பற்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துத் தள்ளும். இவற்றோடு உப்பு ஈரமும் சேர்ந்தால் பேரிங்குகளும் திருகுகளும் துருப்பிடிக்கும், பேட்டரி இணைப்பின் உலோக முனைகளில் பச்சைக் களிம்பு ஏறும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த கார்கள் ஒரே ஒரு கடற்கரை மாலைக்குப் பிறகு என் மேஜைக்கு வந்திருக்கின்றன. ஆசையாகப் பூட்டிய பிள்ளைகளின் முகத்தைப் பார்த்திருப்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

‘ராலி கார்தானே’ என்ற மகனின் கேள்வி நியாயமானது, அதற்கும் பதில் சொல்ல வேண்டும். மான்டே கார்லோ ராலி மண் பாதையில் நடப்பதில்லை. பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலைகளின் தார்ச்சாலைகளில், குளிர்காலத்தில், பனியும் உறைபனியும் விட்டுவிட்டுக் கிடக்கும்போது நடக்கிறது. 1,607 மீட்டர் உயரத்தில் இருக்கும் கோல் டி டுரினி கணவாய் அதன் புகழ்பெற்ற பகுதி. நிஜ இம்ப்ரெசாவையே ஒவ்வொரு ராலிக்கும் வேறு வேறாகப் பூட்டினார்கள். தார்ச்சாலைக்குப் பெரிய சக்கரம், தாழ்ந்த உடல். கப்பிப் பாதைக்கு 15 அங்குலச் சக்கரம், உயர்த்திய உடல். 1999-இல் அந்தக் காரில் ரிச்சர்ட் பர்ன்ஸ் கிரீஸிலும், யூஹா கன்குனன் அர்ஜென்டினாவிலும் வென்றார்கள். இரண்டும் கரடுமுரடான பாதைகள். மான்டே கார்லோவுக்கு வந்த வடிவத்தில் அதே காரை அங்கே ஓட்டியிருக்க முடியாது. உங்கள் மகன் கையில் இருப்பது தார்ச்சாலை வடிவத்தின் 1/10 மாதிரி. டி.டி.-02 சேஸிஸும் 2013-இல் வந்தபோதே சாலைக் கார்களுக்காக வந்ததுதான். நான்கு சக்கரங்களுக்கும் ஷாஃப்ட் வழியாக விசை போகும், அடிப்பகுதி தட்டையான தொட்டி, தரையிலிருந்து சில மில்லிமீட்டர்தான் இடைவெளி.

ஆகவே தார், சிமெண்ட், கான்கிரீட் தரை இதற்குச் சரி. தேவாலய வளாகம், பள்ளியின் கான்கிரீட் முற்றம், திருமண மண்டபத்தின் வண்டி நிறுத்துமிடம் என்று நம் ஊர்களில் நல்ல தரை உண்டு. கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டால் போதும். தரை கடலுக்கு அருகில் இருந்தால் காற்று கொண்டுவந்த மணலைப் பெருக்கிவிட்டு ஓட்டட்டும். கடலோரச் சாலையில் மட்டும் ஒருபோதும் இறக்கக் கூடாது. கணுக்கால் உயரம்கூட இல்லாத கார் பஸ் ஓட்டுநர் கண்ணில் படாது. அதை எடுக்க ஓடும் பிள்ளையை அவர் எதிர்பார்க்கவும் மாட்டார். மண்ணில் ஓட்டியே ஆக வேண்டும் என்றால் கடலை விட்டு உள்ளே வந்து, நன்றாக இறுகிய சரல் தரையில், மழை விட்டு நன்கு காய்ந்த பிறகு ஓட்டிப் பார்க்கலாம். அதற்கு முன் 26 மில்லிமீட்டர் அகலமுள்ள ராலி பிளாக் டயர்களும், சேஸிஸைச் சற்று உயர்த்தும்படி ஸ்பேசர் (இடைவளையம்) வைத்த எண்ணெய் டேம்பர்களும் (அதிர்வு தாங்கிகளும்) போட வேண்டும். இது இரண்டாம் கட்டம். முதலில் கார் சிமெண்ட் தரையில் ஒழுங்காக ஓடட்டும்.

வேகமான மோட்டாரை இப்போது வாங்காதீர்கள். அந்தப் பணத்தில் பால் பேரிங் வாங்குங்கள். இந்தக் கிட்டில் அச்சுகள் சுழலும் இடங்களில் பிளாஸ்டிக் வளையங்கள்தான் கொடுக்கிறார்கள். அவை தேய்ந்தால் அச்சு ஆடும். அச்சு ஆடினால் பல்சக்கரம் கோணும். கோணிய சக்கரம் பல்லை உடைக்கும். அதன்மேல் வேகமான மோட்டாரைப் போட்டால் உடைவது இன்னும் சீக்கிரம் நடக்கும், அவ்வளவுதான். 11 மில்லிமீட்டர் வெளி விட்டம், 5 மில்லிமீட்டர் உள் விட்டம் கொண்ட பேரிங்குகள் வேண்டும், டி.டி.-02 என்று சொன்னால் முழுத் தொகுப்பாகவே கிடைக்கும். இரண்டு பக்கமும் ரப்பர் மூடி உள்ளதாகப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். உலோக மூடி உள்ளது கொஞ்சம் இலகுவாகச் சுழலும்; ஆனால் நம் கடற்காற்றிலும் தூசியிலும் ரப்பர் மூடிதான் நிலைக்கும். கார் பிரித்துக் கிடக்கும்போதே பேரிங்கைப் போட்டுவிட வேண்டும். பிறகு போடலாம் என்றால் முழுக் காரையும் திரும்பப் பிரிக்க நேரும்.

கிட்டில் வரும் மோட்டாரே மகனுக்கு நீண்ட நாள் போதும். மோட்டார் முனையில் 22 பற்கள் உள்ள பினியன் என்ற சிறு பல்சக்கரம், அது சுழற்றும் பெரிய சக்கரத்தில் 70 பற்கள். மற்றப் பல்சக்கரங்களும் சேர்ந்து மோட்டார் 8.27 முறை சுற்றினால் கார்ச் சக்கரம் ஒருமுறை சுற்றும். இந்த விகிதம் இந்த மோட்டாருக்குக் கணக்குப் பார்த்து வைத்தது. மேலும் வேகம் வேண்டும் என்று பினியனில் பற்களைக் கூட்டினால் மோட்டார் சூடாகும். ஏற்றம் இறக்கமான முற்றத்தில் ஓட்டுவதாக இருந்தால் பற்களைக் குறைப்பதே நல்லது.

இனி வாங்க வேண்டியவை. 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட்டும் அதன் ரிசீவரும் ஒரே தொகுப்பாக வேண்டும். காருக்கென்றே துப்பாக்கி வடிவில், சிறு சக்கரம் வைத்து வரும் ரிமோட் பழக எளிது. ஸ்டீயரிங்கைத் திருப்ப சாதாரண அளவு சர்வோ (சிறு மோட்டார் பெட்டி) ஒன்று. 7.2 வோல்ட் நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு பேட்டரியும் அதற்குரிய சார்ஜரும். லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி இப்போது வேண்டாம். ஒரு செல் 3 வோல்டுக்குக் கீழே போனால் அது கெட்டுவிடும். சார்ஜ் செய்வதில் தவறினால் தீப்பிடிக்கவும் செய்யும். கிட்டோடு வந்த வேகக் கட்டுப்பாட்டுக் கருவி லிப்போவைக் காக்கக் குறித்த அளவில் மின்சாரத்தை நிறுத்துமா என்று அதன் கையேட்டில் தெளிவாக இல்லையென்றால் அந்தப் பக்கமே போக வேண்டாம். எந்தப் பேட்டரியானாலும் ஆள் இல்லாத அறையில் சார்ஜ் போடக் கூடாது.

பூட்டும் வேலையை மகனிடமே விடுங்கள்; பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை செய்துவிடுவான். டாமியா கையேட்டில் திருகுகளை உண்மையான அளவிலேயே அச்சிட்டிருப்பார்கள். திருகைப் படத்தின்மேல் வைத்துப் பார்த்துவிட்டுப் போட்டால் தவறாது. திருகு நேராகப் பிளாஸ்டிக்கில் வெட்டிக்கொண்டு இறங்கும். கை கனத்ததும் நிறுத்த வேண்டும். இன்னும் ஒரு சுற்று இறுக்கினால் துளையின் உட்புறம் நைந்து, பிறகு எந்தத் திருகும் பிடிக்காது. உலோகத்துக்குள் உலோகம் போகும் இடத்தில், குறிப்பாகப் பினியனைப் பிடிக்கும் சின்னத் திருகில், திருகுப் பசை ஒரு துளி வேண்டும். அந்தப் பசை பிளாஸ்டிக்கில் பட்டால் விரிசல் விடும். குண்டூசி முனையால் வைக்கச் சொல்லுங்கள். இடது, வலது சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழல உதவும் டிஃபரன்ஷியலில் கிட்டோடு வரும் கிரீஸைத் தாராளமாகத் தடவலாம்.

பலரும் சிக்கிக்கொள்ளும் இடம் சர்வோ. சர்வோவின் கைப்பிடியைப் பொருத்துவதற்கு முன் ரிமோட்டையும் ரிசீவரையும் இயக்கி, ரிமோட்டின் திருத்தக் குமிழ்களை நடுவில் வைத்து, சர்வோ தானாக நடுநிலைக்கு வந்து நின்ற பிறகே கைப்பிடியைத் திருக வேண்டும். இதை விட்டுவிட்டால் கார் எப்போதும் ஒரு பக்கம் இழுக்கும், மறுபக்கம் பாதிதான் திரும்பும். காரணம் தெரியாமல் சக்கரக் கம்பிகளையெல்லாம் பிரித்துக்கொண்டிருப்பார்கள். ஓட்டும்போதும் முதலில் ரிமோட்டை இயக்கிப் பிறகு காரை இயக்க வேண்டும். நிறுத்தும்போது முதலில் கார், பிறகு ரிமோட். மாறினால் கார் தன் போக்கில் பாய வாய்ப்பு உண்டு.

காரின் மேலுடல் கண்ணாடிபோல் தெரியும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக். இதற்குப் பெயிண்ட் உட்புறம்தான் அடிக்க வேண்டும். வெளிப்பக்கம் பளபளப்பாக நிற்கும். பாலிகார்பனேட்டுக்கென்றே வரும் ஸ்ப்ரே வேண்டும். சாதாரண ஸ்ப்ரே அடித்தால் கார் மோதி உடல் வளையும்போது செதில் செதிலாக உதிரும். ஜன்னல்களை மறைக்கும் ஒட்டுத்தாளை ஒட்டி, உட்புறத்தைப் பாத்திரம் தேய்க்கும் சோப்பால் கழுவிக் காயவைத்து, மெல்லிய படலமாகப் பல முறை அடிக்கட்டும். நமக்கோ தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழை. காற்றில் ஈரம் கனத்திருக்கும் நாளில் அடித்தால் பெயிண்ட் வெளிறும் அபாயம் உண்டு. வெயில் ஏறிய முற்பகல் நல்லது.

முதல் ஓட்டத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி மோட்டார்மேல் விரல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். விரல் தாங்காத சூடு என்றால் பல்சக்கரம் இறுகப் பொருந்தியிருக்கிறது, அல்லது எங்கோ அச்சு உராய்கிறது. ஓட்டி முடித்ததும் பெயிண்ட் பிரஷால் தூசியைத் தட்டி, ஈரமில்லாத துணியால் துடைக்க வேண்டும். தண்ணீரில் கழுவுவதும் பெட்ரோலில் துடைப்பதும் வேண்டாம். பெட்ரோல் இந்தப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். பேட்டரியைக் கழற்றாமல் காரை வைக்கவும் கூடாது.

உங்கள் தம்பியிடம் சொல்ல வேண்டியது: பேரிங் தொகுப்பு, சர்வோ, ரிமோட் மூன்றையும் அவர் பெட்டியில் வைத்துக் கொண்டுவரலாம். ஸ்ப்ரே பெயிண்டை விமானத்தில் கொண்டுவரவே முடியாது. எரியக்கூடிய ஸ்ப்ரே டின்னைக் கைப்பையிலும் அனுமதிக்க மாட்டார்கள், பெட்டியிலும் அனுமதிக்க மாட்டார்கள். அதை இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். என்றாவது லிப்போ பேட்டரி வாங்கி வருவதாக இருந்தால் அதைக் கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும், முனைகளை டேப் ஒட்டி மூடியிருக்க வேண்டும். சார்ஜரை அங்கே வாங்கினால் 230 வோல்டில் வேலை செய்யும் என்று எழுதியிருக்கிறதா, நம் பிளக்கில் பொருந்துமா என்று பார்த்து வாங்கச் சொல்லுங்கள். பிளக் பொருந்தாவிட்டால் நாகர்கோவிலில் எந்த எலக்ட்ரிக்கல் கடையிலும் மாற்றுப் பிளக் கிடைக்கும்.