கடைய மூடச் சொன்னா ஏன் கோவம் வருது? (வாசகர் கடிதம்)

அன்புள்ள அக்கா,

வேலை, தொழில் பத்தி நீங்க எழுதறத ரொம்ப நாளா படிக்கறேன், இப்பதான் முதல் தடவையா எழுதறேன். நான் யுனிவர்சிட்டில இரண்டாம் வருஷம். நாங்க நாலு ஃப்ரெண்ட்ஸ் சேர்ந்து கேம்பஸ்க்குள்ள டீ-ஷர்ட், ஹூடி பிரிண்ட் பண்ணி விக்கற கடை ஒண்ணு ஆரம்பிக்கப் போறோம். டிபார்ட்மெண்ட்லயே இதுக்குன்னு ஒரு பேப்பர் இருக்கு. ரூம் ஃப்ரீ, கொஞ்சம் கடனும் தர்றாங்க. ஆனா ஒரு கண்டிஷன்: வருஷக் கடைசில ஸ்டாக்க வித்து, கடன அடைச்சு, கடைய மூடி, கணக்க ஒப்படைச்சாதான் மார்க். நல்லா ஓடற கடையா இருந்தாலும் மூடணுமாம்! மூடறதுக்குன்னே ஒரு கடையத் திறக்கறது தொழில்முனைவா, இல்ல சும்மா விளையாட்டா? பேசாம இத விட்டுட்டு பிசினஸ் ப்ளான் போட்டிக்குப் போலாமா, ஜெயிச்சா ரெஸ்யூம்லயும் நல்லா இருக்குமேன்னு ஒரு யோசனை. அப்பறம் எங்க நாலு பேருக்குமே சிஇஓ ஆகணும், அத எப்படி பிரிக்கறது? எங்க ஐடியா ரொம்ப சாதாரணமோன்னு பயமும் இருக்கு. வீட்ல 'படிப்ப மட்டும் பாரு'ன்னு சொல்றாங்க. என்ன செய்யலாம்? என் பேர் போட வேண்டாம்.

அன்புடன்,
ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

உன் லெட்டர படிச்சதும் சிரிப்பும் வந்துச்சு, கொஞ்சம் எரிச்சலும் வந்துச்சு. உன் கேள்விக்காக பதில் எழுத உக்காரல, அந்த கண்டிஷனுக்காக உக்காந்தேன். அத எழுதி வச்ச வாத்தியார் யாரோ, நேர்ல பாத்தா ஒரு கும்பிடு போடுவேன். கொஞ்ச நாளாவே என் மண்டைக்குள்ள ஓடிட்டு இருந்த விஷயம் இது, நீ வந்து வாய கிளறிட்ட.

சில்லறை கேள்விகள முதல்ல தள்ளிடறேன். ஐடியா சாதாரணமா இருக்கா, இருக்கட்டும், முதல் கடைக்கு சாதாரண ஐடியாதான் நல்லது, கஸ்டமருக்கு விளக்கம் சொல்லியே பாதி நாள் போகாது. வீட்ல சொல்றது, அரியர் வைக்காம பாஸ் பண்ணு, அவங்க அடங்கிடுவாங்க. ரெஸ்யூம் பத்தி பேச எனக்கு பொறுமை இல்ல.

இப்ப விஷயத்துக்கு வரேன். மூடச் சொல்றது உங்க டிபார்ட்மெண்ட் மட்டும் கண்டுபிடிச்ச கிறுக்குத்தனம்னு நினைக்காத. அமெரிக்கால பாப்சன் காலேஜ்ல 1996-ல இருந்து முதல் வருஷப் பசங்களுக்கு இதேதான், டீம் டீமா பிரிச்சு காலேஜே கடன் குடுக்கும், பசங்க நிஜமாவே ஒரு பிசினஸ் நடத்தணும், வருஷக் கடைசில கலைச்சு கடன திருப்பிக் குடுத்துட்டு மிஞ்சின லாபத்த நன்கொடையா குடுத்துடணும். கோஸ்டா ரிக்கால எர்த் யுனிவர்சிட்டின்னு ஒரு விவசாயப் பல்கலைக்கழகம், 1990-ல ஆரம்பிச்சது. அங்க இன்னும் கறார். முதல் வருஷம் ஐடியா புடிச்சு, இது தேறுமா தேறாதான்னு ஆராய்ச்சி பண்ணி எழுதி, வட்டிக்கு கடன் வாங்கி, கம்பெனி நடத்தி, மூணாவது வருஷம் அத முறைப்படி கலைக்கறது வரைக்கும் எல்லாமே பாடத்திட்டத்துக்குள்ள வருது. ரெண்டு இடத்துலயும் கலைக்கறத தோத்துப்போனவங்க தலையெழுத்துன்னு வைக்கல, ஜெயிச்ச டீமும்தான் கலைக்குது. ஏன்னு யோசிச்சியா?

ஏன்னா கடை ஓடிட்டு இருக்கற வரைக்கும் அது லாபத்துல இருக்கா நஷ்டத்துல இருக்கான்னு பாதிப் பேருக்கு தெரியாது தம்பி. கல்லாப்பெட்டில காசு இருந்தா லாபம்னு நினைப்போம். அந்த காசு சப்ளையருக்கு குடுக்க வேண்டியதா, நாளைக்கு டெலிவரி பண்ணப்போற ஆர்டருக்கு வாங்கின அட்வான்ஸா, நம்மளோடதான்னு யாரும் பாக்கறதில்ல. மூடற அன்னைக்குதான் எல்லாத்தையும் பாத்தாகணும். எழுதின பரீட்சை பேப்பர குடுக்காம வீட்டுக்கு எடுத்துட்டுப் போறவன் மாதிரி, கணக்க முடிக்காம விட்டவன் எல்லாருமே மனசுல நூத்துக்கு நூறுதான்.

நான் படிக்கறப்ப ஹாஸ்டல்ல பக்கத்து ரூம் அக்கா ஒருத்தங்களும் அவங்க கிளாஸ் பொண்ணுங்களும் சேர்ந்து பழைய புஸ்தகம் வாங்கி விக்கற வேலை ஒண்ணு நடத்தினாங்க. நான் அதுல பார்ட்னர் எல்லாம் இல்ல, மூட்டை தூக்க கூப்பிட்டா போவேன், அவ்ளோதான். முடிச்சுட்டுப் போற சீனியர்ஸ் கிட்ட டெக்ஸ்ட்புக் மொத்தமா வாங்கி, ஜூன்ல ஜூனியர்ஸ்க்கு வித்துடுவாங்க. நல்லா போச்சு. எல்லார் முகத்துலயும் முதலாளி களை. கோர்ஸ் முடியற நேரம் கணக்கு முடிக்கலாம்னு ஒரு நாள் ராத்திரி உக்காந்தாங்க, கணக்கு எழுதினது அந்த அக்காதான். நீள நோட்டு, இடது பக்கம் வந்தது, வலது பக்கம் போனது, ஓரத்துல பென்சில்ல யாரு யாரு பாக்கின்னு. நடுவுல சிலபஸ் மாறிடுச்சு, அதனால அலமாரில பாதி புஸ்தகம் இனிமே எவளும் வாங்கமாட்டா. நோட்டுல அதெல்லாம் வாங்கின விலைக்கே சொத்தா நிக்குது. அக்கா ஒவ்வொரு புஸ்தகமா எடுத்து தரையில வச்சு, நோட்டுல அந்த வரிய ஒரே கோடா அடிச்சுட்டு பக்கத்துல பழைய பேப்பர் எடைக்கு என்ன வருமோ அத எழுதினாங்க. ஒரு பொண்ணு 'வேண்டாம்டி, அடுத்த வருஷம் யாராவது கேப்பாங்க'ன்னா. 'கேட்டா அப்ப வரவு வச்சுக்கலாம்'னு சொல்லிட்டு அடுத்த வரிய அடிச்சாங்க.

அப்பறம் பாக்கி லிஸ்ட். சத்தமா படிச்சாங்க. கேட்டா, அதிகமா பாக்கி வச்சிருந்ததெல்லாம் பார்ட்னர்ங்களோட உயிர்த்தோழிங்க! 'அவ தருவா' 'அவ எங்க போயிடப் போறா'ன்னு ஆளாளுக்கு வக்காலத்து. 'சரி, யார் தோழியோ அவ பங்குல கழிச்சுக்கறேன், நீ அவகிட்ட வாங்கிக்கோ'ன்னாங்க அக்கா. ரூம்ல ஒரு சத்தம் இல்ல, மறுநாள் காலையில பாதி பாக்கி வசூல் ஆயிடுச்சு. எந்த வாத்தியாரும் கடன் வசூல் பத்தி இவ்ளோ தெளிவா எனக்கு சொல்லிக் குடுத்ததில்ல. வருஷம் பூரா லாபம் லாபம்னு குதிச்சாங்களே, அந்த லாபம் கொஞ்சம் அலமாரில தூசி படிஞ்சு கிடந்துச்சு, கொஞ்சம் அடுத்தவ பர்ஸ்ல இருந்துச்சு.

உன் கடைலயும் இதேதான் நடக்கும், எழுதி வச்சுக்கோ. மீடியம், லார்ஜ் எல்லாம் வித்துடும், ஸ்மாலும் டபுள் எக்ஸ்எல்லும் பெட்டியிலேயே தங்கிடும். அதுல வருஷத்த வேற பிரிண்ட் பண்ணியிருப்பீங்க, கேக்கணுமா. நோட்டுல அது சொத்து, நிஜத்துல அது துடைக்கற துணி. மூடச் சொல்லலன்னா அந்த பெட்டிய நீ எந்த ஜென்மத்துலயும் திறந்து எண்ண மாட்ட.

மூடறதுக்கும் ஒரு வரிசை உண்டு, அதயும் கேட்டுக்கோ. முதல்ல வெளி ஆளுங்க, அதாவது பிரிண்ட் போட்டவர், துணி குடுத்தவர், அட்வான்ஸ் குடுத்த கஸ்டமர், கடன் குடுத்த டிபார்ட்மெண்ட். அப்பறம் பார்ட்னர் யாராவது நடுவுல கைமாத்தா போட்ட காசு. அப்பறம் அவங்கவங்க போட்ட முதல். அதுக்கும் மேல மிஞ்சினாதான் லாபம்னு பேச்சு. நீங்க என்ன பண்ணுவீங்கன்னு எனக்குத் தெரியும், நல்லா வித்த மாசத்துலயே ஆளுக்கு கொஞ்சம் எடுத்துக்கிட்டு டூர் போயிடுவீங்க. அதோட சாதாரண கூட்டு வியாபாரத்துல கடன் பாக்கி நின்னா அது கடையோட போகாது, பார்ட்னருங்க சொந்த பாக்கெட் வரைக்கும் வரும். உங்க நாலு பேர்ல எத்தன பேருக்கு இது தெரியும்? கேட்டுப் பாரு.

இன்னொண்ணு, இத சொல்லலன்னா எனக்கு தூக்கம் வராது. ரூம் ஃப்ரீன்னு குஷியா எழுதியிருக்க. வாடகை கிடையாது, கரெண்ட் பில் கிடையாது, நாலு பேரும் சம்பளம் இல்லாம உழைக்கறீங்க, கஸ்டமர் எல்லாம் காம்பவுண்டுக்குள்ளயே இருக்கான். இதுல லாபம் வரலன்னாதான் ஆச்சரியம். வெளில இதே சைஸ் ரூமுக்கு என்ன வாடகையோ, உங்க நேரத்துக்கு வேற எங்கயாவது பார்ட் டைம் போனா என்ன கிடைக்குமோ, ரெண்டையும் செலவுல எழுதி ஒரு தனி கணக்கு போடு. டிபார்ட்மெண்ட்டுக்கு காட்ட வேண்டாம், உனக்காக போடு. அதுக்கப்பறமும் லாபம் நின்னா, காலேஜ் முடிச்சதும் அதே வியாபாரத்த வெளில வேற பேர்ல தொடங்கு, எவன் தடுக்கப் போறான்? மூடினா செத்துப்போயிடும்னு ஏன் பயப்படற?

இப்ப நீ கேப்ப, எல்லா இடத்துலயும் மூடறாங்களான்னு. இல்லதான். அமெரிக்கால ஹார்வர்ட் யுனிவர்சிட்டில பசங்களே நடத்தற 'ஸ்டூடண்ட் ஏஜென்சீஸ்'ங்கற கம்பெனி 1957-ல இருந்து ஓடுது, ஜார்ஜ்டவுன் யுனிவர்சிட்டில பசங்க நடத்தற 'தி கார்ப்' 1972-ல இருந்து காபி கடையும் மளிகையுமா ஓடுது. பிரான்ஸ்ல 1967-ல எஸ்செக்ங்கற பிசினஸ் காலேஜ்ல ஆரம்பிச்ச ஜூனியர் எண்டர்பிரைஸ் பழக்கம், அதாவது பசங்களே நிஜ கம்பெனிங்களுக்கு கன்சல்டிங் மாதிரி வேலை செஞ்சு குடுக்கறது, பல நாட்டுக்குப் பரவி, பிரேசில்ல 2016-ல அதுக்குன்னே தனி சட்டம் போடற அளவுக்கு போயிடுச்சு. அங்க எல்லாம் கடைய மூடறதில்ல, ஆனா ஆள் மாறிட்டே இருக்கும். கணக்க, சாவிய, சப்ளையர் நம்பர, பாக்கி லிஸ்ட்ட அடுத்த பேட்ச் கைல குடுத்துட்டுதான் வெளிய வரணும். அதுவும் ஒரு வகைல மூடறதுதான், ஒவ்வொரு பேட்ச்சுக்கும் அவங்க கணக்கு முடியுது. சரி, இத இழுக்கல.

பிசினஸ் ப்ளான் போட்டிக்கு வரேன். போ, வேண்டாம்னு சொல்லல, மேடைல பேசற பயம் போகும். ஆனா அதுல எவனும் உன்கிட்ட பொருள் வாங்கமாட்டான், அத மறந்துடாத. அஞ்சு வருஷத்து வருமானத்த எக்செல்ல இழுத்து விட்டு, கடைசி ஸ்லைடுல ராக்கெட் படம் போடறவங்கள நான் நிறைய பாத்துட்டேன். சரஸ் சரஸ்வதின்னு ஒரு பேராசிரியர், 27 அனுபவசாலி தொழில்முனைவோர்கிட்ட ஒரே மாதிரி சிக்கல்கள குடுத்து அவங்க எப்படி யோசிக்கறாங்கன்னு உக்காந்து ஆராய்ச்சி பண்ணவங்க, 2001-ல அவங்க எழுதின கட்டுரை இந்த துறையில ரொம்ப பிரபலம். அதுல வர்ற முக்கியமான ஒரு விஷயம், தேர்ந்தவங்க எவ்ளோ வரும்னு பாத்து இறங்கறதில்ல, எவ்ளோ போனா தாங்கும்னு பாத்து இறங்கறாங்க. உன் லெட்டர்ல வரப்போறது பத்தி மட்டும்தான் இருக்கு.

அப்பறம் அந்த 'தொழில்முனைவா, விளையாட்டா' கேள்வி. நெதர்லாந்துல ஒரு காலேஜ்ல மாணவர் கம்பெனி திட்டத்த வச்சு ஒரு ஆய்வு நடந்துச்சு, 2010-ல வெளிவந்தது. ஒரே காலேஜோட ரெண்டு கேம்பஸ், ஒண்ணுல இந்த திட்டம் உண்டு, இன்னொண்ணுல இல்ல. ஒப்பிட்டுப் பாத்தா, கம்பெனி நடத்தின பசங்களுக்கு திறமை பெருசா ஏறின மாதிரி தெரியல, அதவிட, தொழில் தொடங்கணுங்கற ஆசை குறைஞ்சு போச்சு! இத வச்சு நிறைய பேர் 'பாத்தியா, இந்த திட்டமெல்லாம் வேஸ்ட்'னு சொல்றாங்க. எனக்கு அப்படி படல. அந்த வயசுல, நஷ்டமும் சின்னதா இருக்கறப்பவே, இது எனக்கு ஒத்து வராதுன்னு ஒருத்தனுக்குத் தெரிஞ்சா அத ஏன் தோல்விக் கணக்குல எழுதறீங்க? வீட்ட அடகு வச்சுட்டு நாப்பது வயசுல தெரிஞ்சுக்கறத விட மேல் இல்லையா? பக்கத்து ரூம் அக்காவும் தொழில் பக்கம் போகல. ஆடிட் வேலைக்குப் போனாங்க, இன்னும் அதுதான். கம்பெனி ஆரம்பிச்ச அவங்க சொந்தக்காரங்க எல்லாரும் முக்கியமான முடிவுக்கு அவங்க வீட்டுக்குதான் ஃபைல தூக்கிட்டுப் போறாங்க. அவங்களுக்கு அந்த புஸ்தகக் கடை வீணாப் போச்சுன்னு நீ சொல்லுவியா?

உன்மேல எனக்கு கோவம் இல்ல தம்பி. இந்த வயசுல நாலு பேர் சேர்ந்து கடை போடணும்னு நினைக்கறதே எனக்கு சந்தோஷம்தான், நிஜமா. ஆனா நாலு சிஇஓ விஷயத்துல மட்டும் தலையில ஒரு குட்டு வைக்கணும் போல இருக்கு. விசிட்டிங் கார்டுல என்ன வேணா அடிச்சுக்கோங்க, நாலு பேரும் சக்கரவர்த்தின்னு கூட போட்டுக்கோங்க. முதல் துணி வாங்கறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல யார் எவ்ளோ முதல் போடறீங்க, நடுவுல ஒருத்தன் விலகினா அவனுக்கு என்ன, எப்போ குடுக்கணும், ஃப்ரெண்டுக்கு கடன் குடுத்தா யார் பொறுப்பு, இந்த மூணையும் எழுதி நாலு பேரும் கையெழுத்து போடுங்க. வாயால பேசிக்கிட்டோம்னு சொல்லாத, வாயால பேசினத நாலு பேரும் நாலு விதமா ஞாபகம் வச்சிருப்பீங்க.

அப்பறம், இவ்ளோ நீள லெட்டர்ல கணக்கு யார் எழுதப் போறாங்கன்னு ஒரு வரி கூட இல்ல. சிஇஓ ஆக நாலு பேர் நிக்கறீங்க, நோட்ட புடிக்க ஒருத்தன் இல்ல. அந்த ஆள் யாருன்னு முடிவு பண்ணிட்டு எழுது, மிச்ச கேள்விய அப்ப பாத்துக்கலாம்.

அன்புடன்,
அக்கா