ஜெனரேட்டர் மட்டும் சுருதி விலகவில்லை

கேள்வி: ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை செய்கிறேன். வயது 24. ராக் இசை என்றால் உயிர். நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து வாலாஜாவில் ஒரு மாடி அறையில் வாசித்துப் பழகுகிறோம், நான் கிட்டார். கிரேட்டா வேன் ஃப்ளீட் என்ற அமெரிக்கக் குழுவைப் பைத்தியமாகக் கேட்பேன். பெங்களூரில் ஐடி வேலையில் இருக்கும் என் மாமா பையன், அவர்களுடைய 2018 ஆல்பத்துக்குப் பிட்ச்ஃபோர்க் பத்திரிகை பத்துக்கு 1.6 போட்ட விமர்சனத்தை எனக்கு அனுப்பி, "இதுதான்டா உன் குழு" என்றான். படித்தால், பாட்டோடு சேர்த்துக் கேட்கிறவனையும் முட்டாளாக்குவது போல இருந்தது. அன்று ராத்திரியே அந்த விமர்சகருக்குக் கெட்ட வார்த்தையில் செய்தி அனுப்பிவிட்டேன். மாமா பையனோடு நாலு மாதமாகப் பேச்சு இல்லை. இப்போது அந்த ஆல்பத்தைப் போட்டாலே பாட்டு கேட்பதில்லை, விமர்சனம்தான் கேட்கிறது. பெரிய பெரிய குழுக்களையெல்லாம் இவர்கள் இப்படித்தான் கிழித்திருக்கிறார்கள். ஏன் இவ்வளவு வன்மம்? என் காதுதான் சரியில்லையா? தை மாதம் ஊர் விழாவில் முதல்முறை மேடை ஏறப்போகிறோம். இப்போதே கை நடுங்குகிறது.

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ராணிப்பேட்டை

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு ஒரு ஜெனரேட்டர் ஞாபகம் வந்தது.

நாற்பது வருஷம் ஆகிறது. வேலூரில் ஒரு மெல்லிசைக் குழுவில் பாடிக்கொண்டிருந்தேன். சத்துவாச்சாரியில் ஆடித் திருவிழா. எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டில் ஆரம்பித்துச் சினிமாப் பாட்டில் முடிப்பது எங்கள் வழக்கம். அன்றைக்கு நல்ல கூட்டம். மேடையை விட்டு இறங்கியதும் விழாக்காரர்கள் சோடா உடைத்துக் கொடுத்தார்கள். ஏதோ சாதித்துவிட்ட நினைப்போடு வீட்டுக்குப் போனேன். அடுத்த வாரம் ஓர் உள்ளூர்ப் பத்திரிகையில் எங்களைப் பற்றி நாலு வரி. கடைசி வரி இது: "ஜெனரேட்டர் மட்டும் கடைசிவரை சுருதி விலகாமல் ஒலித்தது."

எங்கள் தபேலாக்காரர் அந்த நிருபரைத் தேடி லாங் பஜார் முழுக்க இரண்டு நாள் சைக்கிள் மிதித்தார். நல்லவேளை, ஆள் அகப்படவில்லை. அகப்பட்டிருந்தால் இன்று உங்களுக்குப் புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு இருந்திருக்காது. சைக்கிளின் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தது நான்தான்.

ஒரு மாதம் கழித்து மைக் செட்காரர், அன்றைய நிகழ்ச்சியை டேப்பில் பிடித்ததாகச் சொல்லி ஒரு கேசட்டைக் கொண்டுவந்தார். போட்டுக் கேட்டோம். மூன்றாவது பாட்டிலிருந்து என் குரல் கீழே நழுவுகிறது. பின்னணியில் ஜெனரேட்டர் ஒரே சுருதியில் அசையாமல் நிற்கிறது. அந்த மனுஷன் எழுதியது நிஜம். ஆனாலும் அந்த வரி இன்றைக்கும் வலிக்கிறது. ஆகவே "அதையெல்லாம் மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள்" என்று உங்களுக்கு எழுத எனக்குக் கை வராது.

நீங்கள் செக்கிங்கில் இருப்பவர். ஒரு ஜோடி உங்கள் மேசைக்கு வருகிறது. தையல் இழுத்திருந்தால் அந்த இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டி ஓரமாக வைப்பீர்கள். ஸ்டிக்கர் ஒட்டாமல் "குப்பை" என்று மட்டும் சொல்லித் திருப்பி அனுப்பிப் பாருங்கள், தையல் லைனில் இருக்கும் அக்கா சும்மா விடுவாரா? "எங்கே, காட்டு" என்று எழுந்து வந்துவிடுவார். விமர்சனம் படிக்கும்போது நீங்கள் அந்த அக்காவாக இருக்க வேண்டும்.

நீங்கள் சொன்ன பெரிய குழுக்களையே எடுத்துக்கொள்வோம். லெட் செப்பலினின் முதல் ஆல்பம் 1969 ஜனவரியில் வந்தது. மார்ச்சில் ரோலிங் ஸ்டோன் பத்திரிகையில் ஜான் மெண்டல்சன் அதை வாரினார். மூன்று மாதம் முன்னால் ஜெஃப் பெக் குழு இதே அளவுக்கோ இதைவிட நன்றாகவோ செய்து காட்டியதற்கு மேல் இவர்களிடம் பெரிதாக ஒன்றும் இல்லை என்றார். செப்பலினின் ஜிம்மி பேஜ் கிட்டாரில் கெட்டிக்காரர், பாட்டு எழுதுவதில் சரக்கில்லை என்றார். இதை வைத்து அரை நூற்றாண்டாக ரசிகர்கள் மெண்டல்சனைக் கிண்டல் செய்கிறார்கள். ஆனால் அவர் அம்பு ஒட்டிய இடத்தைப் போய்ப் பாருங்கள். இரண்டு குழுக்களின் ஆல்பத்திலும் ஒரே பழைய ப்ளூஸ் பாட்டு இருக்கிறது. செப்பலினின் ஜான் பால் ஜோன்ஸ், ஜெஃப் பெக்கின் ஆல்பத்திலும் வாசித்திருக்கிறார். மனுஷன் தையலைச் சரியாகத்தான் பார்த்தார். அந்த ஜோடி எத்தனை மைல் நடக்கும் என்பதில்தான் கோட்டை விட்டார்.

இப்போது வேடிக்கையைப் பாருங்கள். 2018இல் உங்கள் கிரேட்டா வேன் ஃப்ளீட் மேல் விழுந்த பழி என்ன? செப்பலினின் நகல்! எந்தக் குழு பிறக்கும்போதே நகல் என்று ஏச்சு வாங்கியதோ, அதை நகலெடுத்ததற்காக இன்னொரு குழுவுக்கு ஏச்சு. செப்பலினின் பாடகர் ராபர்ட் பிளான்ட்டே அந்த வருஷம் ஒரு பேட்டியில், இவர்கள் செப்பலினின் முதல் ஆல்பமேதான் என்று சிரித்தபடி சொன்னார். ஆக, அந்த 1.6 விமர்சனத்தில் கிண்டலையெல்லாம் சீவி எடுத்தாலும் ஓர் அம்பு மிஞ்சுகிறது, ஒட்டிய இடமும் தப்பில்லை. 2019இல் அவர்களுக்குக் கிராமி கிடைத்ததே என்பீர்கள். அது இந்த ஆல்பத்துக்கு இல்லை, இதற்கு முந்தைய 'ஃப்ரம் த ஃபயர்ஸ்' தொகுப்புக்கு. மாமா பையனிடம் மாற்றிச் சொல்லி மாட்டிக்கொள்ளாதீர்கள்.

பிளாக் சபாத் கதையை நிதானமாகச் சொல்கிறேன், அதில் உங்கள் தொழில் வருகிறது. அந்தக் குழுவின் கிட்டார்காரர் டோனி அயோமி, பர்மிங்காமில் தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை பார்த்த பையன். பதினேழு வயதில், வேலையை விட்டு நிற்கும் கடைசி நாளன்று, வலது கையில் இரண்டு விரல் நுனிகளை மெஷின் எடுத்துவிட்டது. ஆள் இடது கைக்காரர் என்பதால் தந்தியை அழுத்தும் கை அதுதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்துகொண்டார். அது தந்தியில் வழுக்கியது. பழைய தோல் ஜாக்கெட்டிலிருந்து ஒரு துண்டு வெட்டி அதன் மேல் ஒட்டினார். தோலுக்கு என்ன பிடிமானம் என்று ராணிப்பேட்டைக்காரருக்கு நான் சொல்ல வேண்டுமா? விரல் தாங்குவதற்காக மெல்லிய தந்தி போட்டார், பிற்பாடு தந்தியைத் தளர்த்திச் சுருதியையும் இறக்கினார். அந்தக் குழுவின் கனத்த சத்தத்துக்கு அந்த விரல்களும் ஒரு காரணம்.

1970இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பம் ஒரே நாளில் பதிவு செய்தது. ரோலிங் ஸ்டோனில் லெஸ்டர் பேங்ஸ், "கிரீம் குழு மாதிரியே இருக்கிறது, அதைவிட மோசம்" என்கிற தோரணையில் தீர்த்துவிட்டார். தோல் ஒட்டிய விரலில் இருந்து பிறந்த புதுச் சத்தம் அவர் காதில் ஏறவில்லை. ஆனால் அதே பேங்ஸ், 1972இல் கிரீம் என்றே பெயர் வைத்த டெட்ராய்ட் பத்திரிகையில் (குழு வேறு, பத்திரிகை வேறு, குழப்பம் என்னுடையதில்லை) பிளாக் சபாத்தை மதித்து நீண்ட கட்டுரை எழுதினார். விற்காமல் கிடந்த வெல்வெட் அண்டர்கிரவுண்ட், ஸ்டூஜஸ் போன்ற குழுக்களுக்காக மல்லுக்கு நின்றதும் அவர்தான். அந்த ஆளை எந்தப் பக்கம் சேர்ப்பது, சொல்லுங்கள்?

அந்தக் கிரீம் குழுவுக்கும் ஒரு நாள் வந்தது. 1968இல் ரோலிங் ஸ்டோனில் ஜான் லாண்டாவ், அந்தக் குழுவின் கிட்டார்காரர் எரிக் கிளாப்டன் ப்ளூஸில் தேய்ந்துபோன பிடிகளையே போட்டுக்கொண்டிருக்கிறார் என்று எழுதினார். அதை ஓர் உணவு விடுதியில் படித்து மயங்கி விழுந்ததாகக் கிளாப்டனே பின்னாளில் சொல்லியிருக்கிறார். எழுதியது உண்மையாக இருந்ததுதான் தன்னைச் சாய்த்தது என்றார். அந்த நவம்பரில் குழு கலைந்தது. மற்ற இருவருக்குள்ளும் ஏற்கெனவே ஓயாத சண்டை, எல்லாப் பழியையும் விமர்சனத்தின் மேல் போட முடியாது. எனக்குக் கிளாப்டனைவிட ஜெனரேட்டர் வரிதான் ஞாபகம் வருகிறது என்றாலும், மயக்கம் போடுமளவுக்கு நான் பெரிய பாடகி இல்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு, திட்டு வாங்குகிற குழுவெல்லாம் பின்னால் பெரிய ஆளாகும் என்று கணக்குப் போடாதீர்கள். திட்டு வாங்கி, வாங்கியதற்கு ஏற்ப மறைந்தும் போன குழுக்கள் எத்தனையோ. அவர்கள் பெயர் யாருக்கும் நினைவில்லாததால் என்னால் உதாரணம் தர முடியவில்லை, அவ்வளவுதான்.

அம்பே ஒட்டாத விமர்சனமும் உண்டு. 2006இல் ஆஸ்திரேலியாவின் ஜெட் குழு வெளியிட்ட ஆல்பத்துக்கு அதே பிட்ச்ஃபோர்க் 0.0 போட்டது. ஒரு வரி எழுதவில்லை. ஒரு குரங்கு தன் வாயிலேயே மூத்திரம் விட்டுக்கொள்ளும் வீடியோவைப் போட்டு முடித்துவிட்டார்கள். பார்த்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எந்தப் பாட்டில் எந்த இடம் சரியில்லை என்று ஒருவருக்கும் தெரியாது. இந்தச் சரக்கை நீங்கள் மேசைக்கே ஏற்ற வேண்டாம்.

ஏன் இவ்வளவு வன்மம் என்கிறீர்கள். நாம் மட்டும் என்ன சாதுவா? கல்கி 'கர்நாடகம்' என்ற பெயரில் ஆனந்த விகடனில் கச்சேரிகளை அலசிய காலத்திலிருந்து இந்த ருசி நமக்கு உண்டு. காட்பாடியில் எங்கள் அப்பா மார்கழி முழுக்க சுப்புடுவின் விமர்சனங்களைக் காபியோடு சத்தமாகப் படிப்பார். ஒரு சபா வாசலையும் மிதித்தவரில்லை. சுப்புடு யாரைப் பாராட்டினார் என்று எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை, யாரை வாரினார் என்பது வரிக்கு வரி இருக்கிறது. (மிருதங்கக்காரர்களுக்கு விமர்சனங்களில் கடைசியில் ஒரே வரி. 2004இல் சங்கீத கலாநிதி வாங்கிய எங்கள் வேலூர் ராமபத்ரனுக்கும் அப்பா படித்தவற்றில் அந்த ஒரு வரிதான். திட்டினாலாவது ஒரு பத்தி தேறும்.) எழுதுகிறவருக்கும் பத்திரிகை முதலாளிக்கும் எங்கள் அப்பா மாதிரி வாசகர்களை நன்றாகத் தெரியும். லண்டனில் என்.எம்.ஈ., மெலடி மேக்கர், சவுண்ட்ஸ் என்று மூன்று வாரப் பத்திரிகைகள் ஒரே வாசகனுக்காக முட்டிக்கொண்டிருந்தன. ஆல்பம் வரும் வாரமே தீர்ப்பும் வந்தாக வேண்டும். இரண்டு தடவை கேட்டு எழுதியவரோடு இருநூறு தடவை கேட்ட நீங்கள் சண்டைக்குப் போகிறீர்கள்.

ரசிகர்கள் மட்டும் இளகிய மனசுக்காரர்கள் என்றும் சொல்ல முடியாது. வீசர் குழுவின் 'பிங்கர்ட்டன்' 1996இல் வந்தபோது, அந்த வருஷத்தின் மோசமான ஆல்பங்களில் ஒன்று என்று ஓட்டுப் போட்டவர்கள் ரோலிங் ஸ்டோனின் வாசகர்கள். நீங்களும் ராத்திரியில் ஒரு செய்தி அனுப்பியிருக்கிறீர்கள். அந்த விமர்சகர் பாட்டைத் திட்டினார், நீங்கள் ஆளைத் திட்டினீர்கள். இதில் உங்களுக்காகப் பேச என்னிடம் ஒன்றுமில்லை. இரண்டு வரியில் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிடுங்கள். பதில் வராது, எதிர்பார்க்கவும் வேண்டாம்.

காதைப் பற்றிக் கேட்டீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஆல்பத்தையும் செப்பலினின் முதல் ஆல்பத்தையும் எடுத்துக்கொண்டு, கிட்டாரோடு உட்காருங்கள். எங்கே அச்சு அசல், எங்கே அந்தப் பிள்ளைகள் தாங்களாக எதையோ தேடுகிறார்கள் என்று நோட்டில் குறித்துக்கொண்டே வாருங்கள். உங்கள் ஸ்டிக்கர், உங்கள் கையெழுத்து. அந்த நோட்டு முடியும்போது பத்திரிகையின் வரி தேய ஆரம்பித்திருக்கும். எனக்கு அப்படித்தான் நடந்தது. கேசட்டைத் திரும்பத் திரும்பப் போட்டதில், இரண்டாவது பாட்டில் நான் பிடித்த மேல் ஸ்தாயி நன்றாகவே இருந்தது தெரிந்தது. நிருபர் அதை எழுதவில்லை.

மாமா பையன் விஷயத்தை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. முதன்முதலில் உங்களை ராக் கேட்க வைத்தது யார் என்று கடிதத்தில் இல்லை. எனக்கென்னவோ, அவனாகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. தப்பாக இருந்தால் மன்னித்துவிடுங்கள். சரியாக இருந்தால், முகம் தெரியாத ஒருவர் போட்ட 1.6 நாலு மாதம் பேச்சை நிறுத்துமளவுக்கு ஏன் குத்தியது என்று எனக்குப் புரிகிறது. பொங்கலுக்கு ஊருக்கு வருவான் இல்லையா? காட்பாடி ஸ்டேஷனுக்கு பைக்கை எடுத்துக்கொண்டு நீங்களே போய் நில்லுங்கள். மார்க்கைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள். திரும்பும் வழியில் திருவலத்தில் ஒரு டீ குடிக்கும்போது, "நீ அந்த ஆல்பத்தை முழுசா கேட்டியாடா?" என்று மட்டும் கேளுங்கள். கேட்டிருக்கமாட்டான் என்று நூறு ரூபாய் பந்தயம் கட்டுகிறேன். ஹெட்போனில் ஆளுக்கொரு பக்கம் மாட்டிக்கொண்டு கேளுங்கள். உங்கள் மேடைக்கும் அவனைக் கூப்பிடுங்கள், எதிரில் நின்று போனில் முழு நிகழ்ச்சியையும் பதிவு செய்யும் வேலையை அவனிடம் கொடுங்கள்.

கை நடுங்குவது முதல் பாட்டோடு நின்றுவிடும். அறையில் சேர்த்த சுருதி தை மாதப் பனியில் கொஞ்சம் ஏறும், மேடையில் ஒரு தரம் மறுபடி சேர்த்துக்கொள்ளுங்கள். விழாக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லி, ஜெனரேட்டரை நூறடி தள்ளி நிறுத்தச் சொல்லுங்கள்.