சனிக்கிழமை சம்பளத்துக்கு நகையை வைக்கலாமா?

கேள்வி: திருப்பூரில் நானும் கணவரும் எட்டு மெஷின் போட்டு பனியன் ஜாப் ஒர்க் தைத்துக் கொடுக்கிறோம். வேலை தருவது ஒரே கம்பெனிதான். நான்கு மாதமாக 3 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய் நிலுவை. அழுத்திக் கேட்டால் அடுத்த ஆர்டர் வராதோ என்று பயம். சனிக்கிழமை சம்பளம் போட நகையை அடகு வைக்கலாம் என்கிறார் அவர். என்ன செய்வது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: நகையை வைக்காதீர்கள் சகோதரி. அந்தக் கம்பெனி உங்கள் பணத்தை வட்டியில்லாமல் நான்கு மாதம் சுழற்றுகிறது, அதற்கு அடகுக் கடையில் வட்டி கட்டப்போவது நீங்கள்.

முதலில் டிசி புத்தகத்தை, அதாவது சரக்கு அனுப்பும்போது எழுதும் டெலிவரி சலான் புத்தகத்தை, எடுத்துக்கொண்டு உட்காருங்கள். ஒவ்வொரு டெலிவரிக்கும் தேதி, பீஸ் எண்ணிக்கை, வாங்கியவர் கையெழுத்து மூன்றும் இருக்கிறதா? பல யூனிட்டுகளில் கார்பன் காப்பியில் வாட்ச்மேன் கிறுக்கிய கோடு மட்டும்தான் இருக்கும், தேதி இருக்காது, அதை வைத்து நாளைக்கு எதையும் நிரூபிக்க முடியாது. பில்லும் போட்டுவிடுங்கள், கம்பெனியே கணக்குப் பார்த்துத் தரும் என்று காத்திருக்க வேண்டாம்.

2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் சரக்கை ஏற்றுக்கொண்ட 15 நாளில் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. இன்னொன்று, உங்கள் தொழிலுக்கு இதுதான் முக்கியம்: இரண்டு மாதம் கழித்து "ஆல்டர் (திருத்தித் தைக்க வேண்டிய பீஸ்) நிறைய வந்தது" என்று பிடித்தம் செய்வார்களே, குறை இருந்தால் டெலிவரியான 15 நாளுக்குள் எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும், சொல்லாவிட்டால் டெலிவரி நாளிலேயே சரக்கை ஏற்றுக்கொண்டதாகத்தான் அர்த்தம்.

இதற்கெல்லாம் உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான மத்திய அரசின் பதிவு, வேண்டும். இல்லையென்றால் இன்றைக்கே செய்யுங்கள், ஏனென்றால் பதிவுக்கு முன்னால் போன சரக்குக்கு உரிமை கேட்டால் இழுபறிதான்.

ஆர்டர் போய்விடும் என்ற பயம் நியாயமானது, அதனால் எடுத்ததும் புகார் கொடுக்கச் சொல்ல மாட்டேன். உத்யம் எண் போட்ட பில்லோடு அக்கவுண்ட்ஸ் பிரிவுக்குப் போங்கள். காலக்கெடு தாண்டிய பாக்கி மார்ச் 31 அன்றும் நின்றால், அந்தச் செலவை அந்த ஆண்டு வருமான வரிக் கணக்கில் கம்பெனி கழிக்க முடியாது, அவர்களுடைய ஆடிட்டருக்கு இது நன்றாகவே தெரியும். அடுத்த லாட் எடுக்கும்போது "பழையதில் 50 ஆயிரம் கொடுத்துவிட்டு கட்டிங்கை (வெட்டிய துணியை) அனுப்புங்கள்" என்று தன்மையாக, ஆனால் விடாமல் கேளுங்கள். அப்புறம் இரண்டு மெஷினையாவது வேறு கம்பெனிக்கு ஓட்டுங்கள், சின்ன லாட்டாக இருந்தாலும் பரவாயில்லை. எதற்கும் மசியவில்லையா, மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டு, இப்படிப்பட்ட நிலுவைத் தகராறைத் தீர்க்கும் அரசின் வசதியாக்கக் குழுவுக்கு மனுப் போடுங்கள். அங்கே முதலில் சமரசம், பிறகுதான் தீர்ப்பு. தீர்ப்பை எதிர்த்துக் கம்பெனி கோர்ட்டுக்குப் போனால் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும்.

கேள்வி: உத்யம் பதிவுக்கு ஏஜென்ட் 2,500 ரூபாய் கேட்கிறார். சரியா?
- வாசகர், ஈரோடு

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். 2020 ஜூலையில் தொடங்கியதிலிருந்தே இது இலவசம். ஆதாரும் பான் எண்ணும் எடுத்துக்கொண்டு அரசு தளத்தில் நீங்களே பதியலாம். கட்டணம் கேட்கிற பக்கம் எதுவாக இருந்தாலும் அது அரசு தளம் இல்லை.