சுவருக்குப் பெயின்ட் அடிக்கும் முன் பிரைமர் எதற்கு?

பெயின்ட்டுக்கு முன்பு சுவரில் பூசும் அடிப்பூச்சுதான் பிரைமர். சிமென்ட் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைய உண்டு. புது மண்பானை தண்ணீரை உறிஞ்சுவதுபோல, அவை பெயின்ட்டின் ஈரத்தையும் அதோடு பசையையும் இழுத்துக்கொள்கின்றன. பசை குறைந்த நிறப்பொடிதான் மேலே தங்கும். சுவர் திட்டுத்திட்டாகத் தெரியும், தொட்டால் பொடி கையில் ஒட்டும். பிரைமர் துளைகளை அடைத்து, பெயின்ட் சீராகப் பற்றிக்கொள்ள இடம் தருகிறது.

புதிய பூச்சில் காரத்தன்மையும் அதிகம். அது நிறத்தையே வெளுக்கச் செய்யும். அதனால் புதுச் சுவரைக் குறைந்தது 28 நாட்கள் உலரவிடுங்கள். இதில் அவசரமே கூடாது. உட்கூரைக்கும் இதே முறைதான். சுவருக்கு முன் உட்கூரையை அடித்து முடித்துவிடுங்கள்.

பிரைமருக்குப் பதிலாகப் பெயின்ட்டையே கூடுதலாக ஒரு கை அடித்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அடிப்பூச்சு இல்லாத சுவரில் மேல்பூச்சு எத்தனை கை ஏறினாலும் உரிந்துவரக்கூடும்.