வெயிலில் நிற்காத வாசனை: விலை கூடிய சென்ட் வாங்கலாமா?

கேள்வி: உப்புவெளியிலிருந்து திருகோணமலை நகரத்துக்குப் பஸ்ஸில் வேலைக்குப் போகிறேன். காலை ஏழரைக்கு அடித்துக்கொள்ளும் எலுமிச்சை வாசனைச் சென்ட், பத்து மணித் தேநீருக்குள் காணாமற் போய்விடுகிறது. கடைக்காரர் இரண்டு மடங்கு விலையில் வேறொன்றைக் காட்டுகிறார். வாங்கலாமா?

பதில்: பொறுங்கள். முதலில் கையிலிருக்கும் போத்தலைத் திருப்பி, சின்ன எழுத்தில் என்ன வகை என்று போட்டிருக்கிறது என்று பாருங்கள். ‘ஓ டி கொலோன்’ என்றால் வாசனை எண்ணெய் பொதுவாக 2 முதல் 5 சதவீதம்தான். ‘ஓ டி டொய்லெட்’ என்றால் 5 முதல் 15, ‘ஓ டி பர்ஃபியூம்’ என்றால் 15 முதல் 20. மீதி பெரும்பாலும் அல்கஹோல். இவை வழக்கில் உள்ள அளவுகள். கம்பனிக்குக் கம்பனி கொஞ்சம் மாறும். ஒரு விடயத்தில் ஏமாற வேண்டாம்: சேர்மானப் பட்டியலில் ‘பர்ஃபம்’ என்று இருப்பது வாசனைப் பொருள் கலந்திருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. மலிவான பொடி ஸ்பிறேயிலும் அந்தச் சொல் இருக்கும்.

அடுத்தது வாசனையின் குணம். எலுமிச்சை, தோடம்பழ வாசனைகள் இலேசானவை, முதல் அரை மணி நேரத்திலேயே பறக்கத் தொடங்கிவிடும். எவ்வளவு விலை கொடுத்தாலும் அந்தக் குணம் மாறாது. சந்தனம், வெனிலா, கஸ்தூரி, அகில் வாசனைகள் கனமானவை, மெதுவாகத்தான் ஆவியாகும். எலுமிச்சைதான் பிடிக்கும் என்றால், எலுமிச்சை பறந்த பின்னும் தங்கும் அடிவாசனையாகச் சந்தனமோ கஸ்தூரியோ கலந்ததைக் கேட்டு வாங்குங்கள். எலுமிச்சை மட்டுமே உள்ள சென்டுக்கு இரட்டை விலை கொடுப்பது வீண்செலவு.

நம் ஊர்க் காலநிலை இரண்டு பக்கமும் அடிக்கும். கச்சான் வீசினால் தோல் வறண்டுவிடும். வறண்ட தோலில் வாசனை தங்காது. காற்று நின்றாலோ வியர்வை அதைக் கழுவிக்கொண்டு போய்விடும். ஆகவே குளித்து, ஈரம் நன்றாக உலர்ந்ததும், வாசனையில்லாத கிறீமோ துளி வாஸ்லீனோ பூசி, அதன்மேல் அடியுங்கள். அக்குளில் வேண்டாம்: சென்ட் வியர்வையை நிறுத்தாது, அதோடு கலந்து வேறொரு நாற்றமாக மாறும். வெயில் படும் கழுத்திலும் வேண்டாம். எலுமிச்சை வகைச் சாறுகள் சில, வெயிலோடு சேர்ந்து தோலில் கறுப்புத் திட்டு விழச் செய்யும். பருத்திச் சட்டையின் உட்புறத்தில் அடித்தால் தோலில் அடிப்பதைவிட நெடுநேரம் நிற்கும். பட்டுச் சேலையில் மட்டும் கறை படியலாம்.

இன்னொன்று, கசப்பாக இருந்தாலும் கேளுங்கள். ஒரே வாசனையை முகர்ந்துகொண்டே இருந்தால் நம் மூக்கு அதைக் கவனிப்பதை விட்டுவிடும். ‘போய்விட்டது’ என்று நினைத்து மறுபடி அடிக்கும்போது, பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் ஜன்னலைத் திறக்கிறார். பத்து மணிக்கு ஒரு சக ஊழியரிடம் கேட்டுப் பாருங்கள். உண்மையிலேயே போயிருந்தால், காலையில் ஆறு தடவை அடிப்பதற்குப் பதிலாக ஒரு சின்னப் போத்தலில் கொஞ்சம் எடுத்துப்போய் மதியம் ஒரு தடவை அடியுங்கள்.

புதியது வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், குளிரூட்டிய கடையில் காகிதத் துண்டை மோந்து முடிவு செய்யாதீர்கள். முன்கையில் ஒரு தடவை அடித்துக்கொண்டு, வாங்காமல் வெளியே வாருங்கள். மத்திய வீதி வெயிலில் உங்கள் மற்ற வேலைகளை முடித்துவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்துக் கையை மோந்து பாருங்கள். கடைக்காரர் முகம் கோணினால் கோணட்டும்.

கேள்வி: கிண்ணியாவில் எங்கள் வீட்டில் எல்லோரும் அத்தர்தான். வெக்கைக்கு அது சென்டைவிட நல்லதா?

பதில்: பெரும்பாலும் ஆம். அல்கஹோல் இல்லாத எண்ணெய் என்பதால் மெதுவாகவே ஆவியாகும்; ஒரு தொடுகை போதும். துணியில் பட்டால் எண்ணெய்க் கறை விழும், கவனம். ‘அசல் ஊத்’ என்று சில நூறு ரூபாவுக்குத் தருவது செயற்கை வாசனைதான், ஏனென்றால் அசல் அகில் எண்ணெய் உலகிலேயே விலை கூடிய எண்ணெய்களில் ஒன்று. செயற்கை என்று தெரிந்து, அதற்குரிய விலைக்கு வாங்கினால் தப்பில்லை.

கேள்வி: பிரபலப் பெயர் போட்ட சென்ட் ஒன்று வாங்கினேன். ஒரு மாதத்தில் வாசனை மாறிவிட்டது. போலியா? பற்றுச்சீட்டும் தரவில்லை.

பதில்: எங்கே வைத்திருந்தீர்கள்? ஜன்னலோரத்திலும் குளியலறையிலும் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள்ளும் வைத்தால் அசலும் கெடும். வெளிச்சமும் சூடும் படாத அலுமாரியே சரியான இடம். அப்படி வைத்தும் மாறியிருந்தால், பெட்டியின் அடியிலும் போத்தலின் அடியிலும் உள்ள தொகுதி இலக்கங்களை ஒப்பிடுங்கள். இரண்டும் பொருந்தாவிட்டால் சந்தேகத்துக்கு நல்ல காரணம் இருக்கிறது. ஆனால் பொருந்துவதால் மட்டும் அசல் என்று ஆகிவிடாது, போலி செய்பவனுக்கும் அச்சடிக்கத் தெரியும்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, கேட்டால் பற்றுச்சீட்டுத் தருவது வணிகரின் கடமை. இப்போதே போய்க் கேளுங்கள். மறுத்தால் அந்த அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கலாம். முறைப்பாட்டை எழுத்தில், வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் கொடுக்க வேண்டும். உங்களுக்கு ஒரு மாதம் ஏற்கெனவே போய்விட்டது. அதுவரை போத்தலையும் பெட்டியையும் எறிந்துவிடாதீர்கள்.