‘விச்’ போட்ட பிறகும் ‘இன்’ எதற்கு?

கேள்வி: ‘தி ஹோட்டல் விச் வி ஸ்டேய்ட் வாஸ் குட்’ என்று அலுவலக மெயிலில் எழுதினேன். மேலாளர் ‘ஸ்டேய்ட்’டுக்குப் பின் ‘இன்’ சேர்க்கச் சொன்னார். ஏன்? ஹூ, விச், தட் மூன்றையும் எப்போது விட்டுவிடலாம்?

பதில்: அவர் சொன்னது சரி. ‘ஹோட்டலில் தங்கினோம்’ என்பது தமிழில் ‘நாங்கள் தங்கிய ஹோட்டல்’ ஆகும்போது ‘இல்’ உருபு மறைந்துவிடும். ‘கத்தியால் வெட்டினேன்’, ‘நான் வெட்டிய கத்தி’ என்பதிலும் இதே கதைதான். நம் பெயரெச்சம் உருபை விழுங்கிவிடும். ஆங்கிலம் விழுங்காது.

சந்தேகம் வந்தால் முழு வாக்கியத்தை முதலில் எழுதுங்கள்: ‘வி ஸ்டேய்ட் இன் தி ஹோட்டல்’. இதிலிருந்து ‘தி ஹோட்டல்’ மட்டும் முன்னே போகும். ‘இன்’ நின்ற இடத்திலேயே நிற்கும். ஆக, ‘தி ஹோட்டல் விச் வி ஸ்டேய்ட் இன்’. முறையான கடிதம் என்றால் ‘இன் விச் வி ஸ்டேய்ட்’. ‘இன் தட்’ மட்டும் இங்கே கூடாது. ‘விச்’சுக்குப் பதில் ‘வேர்’ போட்டால் ‘இன்’ தேவையில்லை. இரண்டையும் சேர்ப்பதும் பிழை.

இதற்கு நேர் எதிரான பிழை, ‘தி ஃபைல் விச் ஐ சென்ட் இட்’. ‘இட்’ செய்ய வேண்டிய வேலையை ‘விச்’ செய்துவிட்டது. ‘இட்’டை அடித்துவிடுங்கள்.

ஹூ, விச், தட்டை விடலாமா என்பதற்கு அவற்றை அடுத்து வரும் சொல்லைப் பாருங்கள். ‘தி ஃபைல் தட் ஐ சென்ட்’ என்பதில் ‘தட்’டுக்குப் பின் ‘ஐ’ என்ற எழுவாய் இருக்கிறது, விடலாம். ‘தி மேன் ஹூ கேம் யெஸ்டர்டே இஸ் மை அங்கிள்’ என்பதில் ‘ஹூ’வை அடுத்து நேராக வினை, விட்டால் ‘தி மேன் கேம் யெஸ்டர்டே’ என்று வாக்கியம் முடிந்துபோனதாகப் படிப்பவர் நினைப்பார்.

நீங்கள் கேட்காத, ஆனால் அதிகம் சிக்க வைக்கும் விஷயம் கமா. ‘மை பிரதர் ஹூ லிவ்ஸ் இன் துபாய்’ என்றால் பல சகோதரர்களில் துபாய்க்காரர். ‘பிரதர்’ பின்னும் ‘துபாய்’ பின்னும் கமா இட்டால், யார் என்பது ஏற்கெனவே தெரியும், துபாய் கூடுதல் தகவல். ‘துபாயில் இருக்கும் என் அண்ணன்’ என்று தமிழில் எழுதினால் இரண்டுக்கும் அதுவே போதும். அதனால்தான் நமக்கு இது கண்ணில் படுவதில்லை. கமா இட்டால் ‘தட்’ வராது, எதையும் விடவும் முடியாது. கமா இல்லாத இடத்தில் ‘விச்’சைவிட ‘தட்’டையே அமெரிக்க எடிட்டர்கள் பலர் கேட்பார்கள், பிரிட்டிஷ் வழக்கில் இரண்டும் செல்லும்.

அறிக்கை எழுதும்போது இது விளையாட்டல்ல. ‘தி எம்ப்ளாயீஸ் ஹூ கேம் லேட் வில் லூஸ் எ டேஸ் பே’ என்றால் தாமதமாக வந்தவர்களுக்கு மட்டும் சம்பளம் போகும். ‘எம்ப்ளாயீஸ்’ பின்னும் ‘லேட்’ பின்னும் கமா இட்டால், ஊழியர்கள் அத்தனை பேரும் தாமதம், அத்தனை பேருக்கும் சம்பளம் வெட்டு என்றாகிவிடும்.